29 டிகிரி எல்லாம் ஒரு வெயிலா? மலையின் சூடு பற்றி ஒரு விவாதம்

கோத்தகிரி கொழுந்து | ஏப்ரல் 6, 2025, இரவு 8:40

நேற்று அம்மாவுக்கு ஒரு டேபிள் ஃபேன் வாங்கி வந்தேன். அம்மாவுக்கு 81 வயது. ஒரு ஹட்டியில், அதாவது எங்கள் மலைக் கிராமத்தில், பிறந்து இன்னொரு ஹட்டிக்கு வாழ்க்கைப்பட்டவர். இந்த மலையை விட்டு ஒரு வாரம் சேர்ந்தாற்போல் இறங்கியதில்லை. எங்கள் வீடு குளிருக்காகக் கட்டிய வீடு. தாழ்ந்த கூரை, சின்ன ஜன்னல், மேலே தகரம். சீலிங் ஃபேன் மாட்ட ஒரு கொக்கிகூடக் கிடையாது, அதை யாரும் யோசித்ததே இல்லை. மத்தியானம் அம்மா திண்ணையில் வந்து உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொள்கிறார். நான் இதைப் பார்த்து வளரவில்லை.

சென்ற வருடம் ஏப்ரல் 28 அன்று ஊட்டியில் 29 டிகிரி பதிவானது. 1951 முதல் உள்ள பதிவில் அதுதான் அதிகம். இந்த வருடமும் அதையே நினைத்துப் பயந்துகொண்டு இருக்கிறோம். ஆனால் இதைப் பற்றி எங்கள் சொந்தக்காரர்கள் குழுவில் பேசினால் சண்டைதான் வருகிறது. ஒருவர் கட்டடம்தான் காரணம் என்கிறார், ஒருவர் வண்டி என்கிறார், இன்னொருவர் எல்லாம் எப்போதும் இருந்ததுதான் என்கிறார். இங்கே விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். மலை ஏன் சூடாகிறது? பொறுமையாகப் பேசுவோம்.

வேலூர்க்காரன் | ஏப்ரல் 6, இரவு 9:15

29 டிகிரிக்கா இவ்வளவு கவலை? எங்கள் ஊரில் மே மாதம் 42 போகும். ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடும், மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியாது. 29 எங்களுக்கு மார்கழி மாதத்துப் பகல். மன்னிக்கவும், படித்ததும் கோபம்தான் வந்தது.

ஊட்டி காட்டேஜ் | ஏப்ரல் 6, இரவு 10:02

இந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். மலை சூடாகிறது, வண்டி வரக்கூடாது, மலையேற முன் அனுமதியாக இ-பாஸ் போடு என்று முடியும். இந்த மாதத்திலிருந்து வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்துவிட்டது. கடையடைப்பு நடத்தியும் பார்த்தோம். எனக்கு ஐந்து அறை உள்ள காட்டேஜ். பேங்கில் கடன் வாங்கிக் கட்டினேன். ஏப்ரல், மே இரண்டு மாதம் ஓடினால்தான் வருடம் முழுக்க வட்டி கட்ட முடியும். உலகம் சூடாவதற்கு நான் எப்படிப் பொறுப்பு?

குன்னூர் டீச்சர் | ஏப்ரல் 7, காலை 6:30

முப்பது வருடம் புவியியல் சொல்லிக்கொடுத்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

வேலூர்த் தம்பி, உங்கள் 42-ஐ யாரும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் வெப்ப அலை என்று அறிவிக்க இந்திய வானிலைத் துறையே ஊருக்கு ஊர் வேறு அளவுதான் வைத்திருக்கிறது. சமவெளிக்கு 40 டிகிரி, கடலோரத்துக்கு 37, மலைக்கு 30. அதோடு வழக்கமான அளவை விட 4.5 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். போன வருடம் அந்த நாளில் ஊட்டி வழக்கத்தை விட 5 டிகிரிக்கு மேல் கூடுதலாக இருந்தது. ஆனால் 30-ஐத் தொட ஒரு டிகிரி குறைவு, அதனால் கணக்குப்படி அது வெப்ப அலை இல்லை. உடம்புக்கு அந்த ஒரு டிகிரி தெரியுமா?

இன்னொன்று. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. நிழலில் நின்றால் சுகம், வெயிலில் நின்றால் தோல் எரியும். தேயிலை பறிக்கிற அக்காமார் இடுப்பில் படங்குத் துணி கட்டிக்கொண்டு, முதுகில் கூடையோடு எட்டு மணி நேரம் நிற்பது நிழலில் அல்ல.

காட்டேஜ் சார், இ-பாஸையும் பருவநிலை மாற்றத்தையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்பதுதான் அந்த வழக்கு. சீசனில் ஒரு நாளுக்கு 20,000 வண்டி வரை வருகிறது என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. தாங்கும் திறனை ஆராயும் வேலை சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் தரப்பட்டது. நெரிசல், குப்பை, தண்ணீர், புகை எல்லாம் உண்மையான தொல்லைகள். ஆனால் நாளைக்கே ஒரு வண்டிகூட ஏறாமல் நிறுத்தினாலும் மலை மேல் உள்ள காற்றின் சூடு அப்படியேதான் இருக்கும். உங்களைக் குற்றவாளி ஆக்குவதும் தப்பு, அந்தக் கோபத்தில் சூடே இல்லை என்று நீங்கள் சொல்வதும் தப்பு.

பழைய கணக்கு | ஏப்ரல் 7, காலை 10:20

நான் ஊட்டியில் பிறந்தவன், 68 வயது, ஓய்வு பெற்ற பொறியாளர். இந்த 29 டிகிரியை வைத்து எல்லோரும் பயமுறுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. முந்தைய சாதனை என்ன? 1986 ஏப்ரல் 29 அன்று 28.5 டிகிரி. அப்போது ஊட்டியில் இத்தனை கட்டடமும் இல்லை, வண்டியும் இல்லை. 38 வருடம் கழித்து அரை டிகிரிதான் கூடியிருக்கிறது. 2023-24 எல் நினோ காலம், அதாவது பசிபிக் கடல் சூடேறி உலகத்தையும் சூடேற்றுகிற காலம், அது ஒரு காரணம். தெர்மாமீட்டரைச் சுற்றி ஊர் வளர்ந்துவிட்டது, அது இன்னொரு காரணம். சூரியனே ஏறி இறங்கும், அது மூன்றாவது. இவ்வளவும் இருக்கும்போது எல்லாவற்றுக்கும் கார்பன்தான் காரணம் என்று ஒரே வரியில் முடிப்பதை நான் ஏற்க மாட்டேன்.

கோத்தகிரி கொழுந்து | ஏப்ரல் 7, பகல் 1:45

ஐயா, கணக்கில் உங்களோடு மல்லுக்கு நிற்க எனக்குப் படிப்பு இல்லை. தோட்டத்தில் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்களுக்குப் பள்ளத்தில் ஒரு ஏக்கர் தேயிலை இருக்கிறது. அப்பா காலத்தில் தீபாவளி கழிந்தால் முதலில் நீர்ப்பனி விழும், அப்புறம் உறைபனி. செடி கருகாமல் இருக்க மிலாறு, அதாவது இலையோடு உள்ள சிறு கிளைகள், வெட்டி வந்து மேலே போர்த்துவோம். விடிகாலையில் புல்லில் நடந்தால் காலடியில் நொறுங்கும். இப்போது பனி தள்ளிப்போகிறது. வந்தால் திடீரென்று கடுமையாக வந்து ஒரே ராத்திரியில் கருக்குகிறது, அல்லது பள்ளத்துக்கே வராமல் போய்விடுகிறது. எப்போது மிலாறு வெட்டுவது என்றே தெரியவில்லை.

வெயில் காலத்தில் சிவப்பு சிலந்தி. காற்று காய்ந்து மண் வறண்டால் அது இலையின் மேல் பரவிச் செடி முழுவதும் செம்பு நிறமாகிவிடும். பிப்ரவரியில் இருந்தே மருந்து அடிக்கிறோம். கொழுந்து வராத வாரத்தில் பறிக்க ஆள் கூப்பிட முடியாது, அவர்களுக்கும் கூலி இல்லை. பச்சைத் தேயிலை விலை எங்கள் கையில் இல்லை. மழையும் வெயிலும் என்றைக்குமே எங்கள் கையில் இருந்ததில்லை, ஆனால் அதற்கு ஒரு ஒழுங்கு இருந்தது. அந்த ஒழுங்கைத்தான் தேடுகிறேன்.

வேலூர்க்காரன் | ஏப்ரல் 7, இரவு 9:50

நேற்று கோபமாக எழுதிவிட்டேன். ஏன் என்று சொல்ல வேண்டும்.

என் அப்பா கொத்தனார். ஆறு வருடத்துக்கு முன்பு, மே மாதம், மத்தியானம் சாரத்தில் நின்றுகொண்டிருந்தவர் தலை சுற்றுகிறது என்று இறங்கி மணல் மேல் உட்கார்ந்தார். வாய் குழறியது, உடம்பு நெருப்பாகச் சுட்டதாம், வியர்வையே இல்லையாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் போய்விட்டார். சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். வெயில் என்ற வார்த்தையே அதில் இல்லை. போன அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் என்றது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அம்மா அன்று சாப்பிடவில்லை. பணத்துக்காக இல்லை. அப்பாவைக் கொன்றது வெயில்தான் என்று அன்றைக்குத்தான் யாரோ ஒத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

அதனால்தான் 29 என்று படித்ததும் தாங்கவில்லை. டீச்சர் சொன்னது புரிகிறது.

கோத்தகிரி கொழுந்து | ஏப்ரல் 7, இரவு 10:05

தம்பி, உங்கள் அப்பாவுக்கு நடந்ததைப் படித்துவிட்டு வெகு நேரம் எதுவும் எழுத வரவில்லை. நான் எங்கள் வீட்டு ஃபேனைப் பற்றி எழுதியது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. அம்மாவிடம் சொன்னேன். "அந்தப் பையனை மலைக்கு வரச் சொல்லு, நம் வீட்டில் தங்கட்டும்" என்றார்.

குன்னூர் டீச்சர் | ஏப்ரல் 8, காலை 6:10

பழைய கணக்கு சாருக்கு ஒவ்வொன்றாகப் பதில்.

ஒரு நாள் சாதனையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்கிறீர்கள். முழுமையாக ஒத்துக்கொள்கிறேன். 29-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு கத்துகிறவர்களும் தப்புதான் செய்கிறார்கள். அதே காரணத்தால் 1986-ஐ வைத்து மறுக்கவும் முடியாது. அதுவும் ஒரே ஒரு நாள்தான். பல வருடச் சராசரியைப் பார்க்க வேண்டும். 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி உயர்ந்திருக்கிறது என்பது புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீடு.

எல் நினோ உண்மை. போன வருடச் சூட்டில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் 1997-98 எல் நினோ நினைவிருக்கிறதா? அதுவரை இருந்த பதிவில் உலகின் மிகச் சூடான ஆண்டு 1998. 2021, 2022 இரண்டும் லா நினா ஆண்டுகள், அதாவது உலகம் சற்றுக் குளிர வேண்டிய ஆண்டுகள். அவைகூட 1998-ஐ விடச் சூடாக இருந்தன. எல் நினோ அலை மாதிரி ஏறி இறங்கும். அந்த அலை நிற்கிற தண்ணீரின் மட்டமே ஏறிவிட்டது.

தெர்மாமீட்டரைச் சுற்றி ஊர் வளர்ந்தது, அதுவும் சரி. கான்கிரீட்டும் தார்ச் சாலையும் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி விடும். ஆனால் கடலுக்கு நடுவில் யாரும் காட்டேஜ் கட்டவில்லையே. பூமியில் கூடுதலாகச் சேர்ந்த வெப்பத்தில் சுமார் 90 சதவீதம் கடலுக்குள்தான் போயிருக்கிறது.

வட்டக்கானல் | ஏப்ரல் 8, காலை 11:30

கொடைக்கானலில் இருந்து எழுதுகிறேன். சூரியனைப் பற்றிப் பேச்சு வந்ததால் சும்மா இருக்க முடியவில்லை, ஏனென்றால் சூரியனைப் பார்ப்பதுதான் எங்கள் ஊரின் பழைய வேலை.

இங்குள்ள சூரிய ஆய்வகம் 1899-இல் தொடங்கியது. ஜான் எவர்ஷெட் 1909-இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை இங்கேதான் கண்டுபிடித்தார், அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர். 1904 முதல் வானம் தெளிவாக உள்ள நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு மேல். அந்தப் படங்களில் புள்ளிகள் சுமார் 11 வருடத்துக்கு ஒருமுறை கூடிக் குறைவது தெரியும். 1978 முதல் செயற்கைக்கோள்களும் சூரிய ஒளியின் அளவை நேரடியாக அளக்கின்றன. அந்தச் சுழற்சி இருக்கிறது, ஆனால் தொடர்ந்து ஏறுகிற போக்கு இல்லை. பூமியின் சூடு மட்டும் ஏறிக்கொண்டே இருக்கிறது.

ஒரு சோதனை இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. சூரியன்தான் காரணம் என்றால் காற்று மண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாக வேண்டும். நடப்பது வேறு. கீழே சூடாகிறது, மேலடுக்கு குளிர்கிறது. ராத்திரி கம்பளி போர்த்தினால் உடம்புச் சூடு உள்ளேயே நிற்கும், கம்பளிக்கு வெளியே அறை குளிர்ந்திருக்கும், அதுபோல. கார்பன் டை ஆக்ஸைடு செய்வது அந்த வேலை. தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. ஸ்வீடனைச் சேர்ந்த அர்ரீனியஸ் 1896-லேயே இதைக் கையால் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். அப்போது எங்கள் ஆய்வகமே வரவில்லை.

ஊட்டி காட்டேஜ் | ஏப்ரல் 8, பகல் 3:10

சரி, கார்பன் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் மலை முழுக்க மரம் நட்டால் போதுமே? எங்கள் சங்கத்தில் ஒவ்வொருவரும் நூறு கன்று நடத் தயார். வண்டியை நிறுத்துவதை விட அது நல்ல வழி.

வட்டக்கானல் | ஏப்ரல் 8, இரவு 7:25

அண்ணா, உங்கள் மனசு நல்ல மனசு. ஆனால் தயவுசெய்து புல்வெளியில் நட்டுவிடாதீர்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, நான் வேலை செய்வது புல்லோடு.

நம் இரண்டு மலைகளும் ஒரே மாதிரி. மடிப்புகளில் சோலைக்காடு, மேட்டில் புல்வெளி. வெள்ளைக்காரர்கள் அந்தப் புல்லைத் தரிசு என்று நினைத்து 1840-களில் சீகை என்கிற வாட்டில் மரத்தையும் கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸையும் கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் தோல் பதனிடவும் மரக்கூழுக்கும் என்று ஏக்கர் ஏக்கராக நட்டோம். கொடைக்கானல் இருக்கிற பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போய்விட்டது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-இல் வந்த ஆய்வு இது. வரையாடு மேய்வது அந்தப் புல்லில். 12 வருடத்துக்கு ஒருமுறை குறிஞ்சி பூப்பது அந்த மேட்டில். உங்கள் பக்கத்தில் தோடர்களின் எருமைகளுக்கும் அதுதான் சோறு.

தண்ணீர் கதையும் அதில்தான் இருக்கிறது. புல்வெளி மழையை மெதுவாக உள்ளே இறக்கி, கோடையில் ஓடைக்கு விடும். உங்கள் நீலகிரியின் கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு நீர்ப்பிடிப்புகளை, ஒன்றில் கற்பூர மரம் நட்டும் மற்றொன்றைப் புல்லாகவே விட்டும், பல வருடம் அளந்து பார்த்தார்கள். மரம் நட்ட பக்கம், நட்டு வளர்த்து வெட்டுகிற முதல் சுற்றில், தண்ணீர் வரத்து 16 சதவீதம் குறைந்தது. ஊட்டியில் கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறவர் நீங்கள், உங்களுக்கு அதன் அருமை தெரியும்.

தீ வேறு. சீகைக் காடு காய்ந்து கிடக்கிற மார்ச், ஏப்ரலில் ஒரு பொறி போதும். ராத்திரியில் மலைச்சரிவு மாலை போட்ட மாதிரி எரியும். இலைக்கொத்தால் அடித்து அணைக்கப் போயிருக்கிறேன். அந்தச் சூடு முகத்தில் பட்டது இன்னும் மறக்கவில்லை. வறட்சி கூடக் கூட இது கூடும். அதனால் நட வேண்டும் என்றால் சோலை இருந்த இடத்தில் சோலை மரம் நடுங்கள், நாவல் வகை, விக்கி மாதிரி. புல் இருந்த இடத்தில் சீகையை எடுத்துவிட்டுப் புல்லை வரவிடுங்கள்.

ஊட்டி காட்டேஜ் | ஏப்ரல் 8, இரவு 8:00

எங்கள் காட்டேஜுக்குப் பின்னால் அரை ஏக்கர் சீகை நிற்கிறது. பட்டா நிலம்தான். அதை எடுக்கலாமா, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

வட்டக்கானல் | ஏப்ரல் 8, இரவு 8:20

பட்டாவாக இருந்தாலும் அனுமதி வாங்காமல் வெட்டாதீர்கள். முதலில் வன அலுவலகத்தில் கேளுங்கள். ஒரே நாளில் மொத்தமாக எடுத்தால் மழையில் மண் சரியும், கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். வெட்டிய கட்டையில் மறுபடி துளிர்க்கும், விதையும் மண்ணில் வருடக்கணக்கில் கிடந்து முளைக்கும். கையால் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். நாலைந்து வருட வேலை.

பழைய கணக்கு | ஏப்ரல் 9, காலை 9:40

டீச்சர், 1998 பற்றிச் சொன்னதை நேற்று உட்கார்ந்து பார்த்தேன். சரிதான். கடல் விஷயத்துக்கும் என்னிடம் பதில் இல்லை. சூரியனையும் விட்டுவிடுகிறேன்.

ஆனால் ஒன்றில் நகர மாட்டேன். உலகம் சூடாவது வேறு, ஊட்டி எவ்வளவு சூடாகிறது என்பது வேறு. இரண்டாவதுக்கு இந்த ஊரின் பதிவு வேண்டும். மலையில் ஒரு திருப்பம் திரும்பினால் இரண்டு டிகிரி மாறும். கோத்தகிரிக்கு ஊட்டியின் அளவு பொருந்தாது, குன்னூருக்கு இரண்டுமே பொருந்தாது. அளக்காமல் பேசுவதுதான் எனக்கு ஆகாது.

கோத்தகிரி கொழுந்து | ஏப்ரல் 9, பகல் 2:15

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் மனசில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த மலையில் எந்த அனல்மின் நிலையம் இருக்கிறது? பைக்காராவில் தண்ணீரில் இருந்து மின்சாரம் எடுத்துக் கீழே அனுப்பினோம். எங்கள் ஹட்டியில் மொத்தம் ஒன்பது ஜீப். நாங்கள் விட்ட புகை எவ்வளவு? ஆனால் 2009 நவம்பரில் மலை சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தது இங்கே. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் கொட்டியதும் இங்கே. ஒரு டிகிரி கூடினால் காற்று 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும் என்று என் மகள் பாடப் புத்தகத்தில் இருந்து காட்டினாள். வெயிலும் மழையும் ஒரே கையின் இரண்டு பக்கம் என்று அப்போதுதான் விளங்கியது.

கீழே சுட்டால் மக்கள் மேலே வருகிறார்கள். வரட்டும், அது அவர்கள் உரிமை. மேலே சுட்டால் நாங்கள் எங்கே ஏறுவது? தொட்டபெட்டாவுக்கு மேல் மலை இல்லை. வரையாட்டுக்கும் அதே கதிதான், உறைபனிக்கும் அதே கதிதான்.

குன்னூர் டீச்சர் | ஏப்ரல் 9, மாலை 5:30

அப்படியானால் அளப்போம். ஒரு நாளின் அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் காட்டுகிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். விலை அதிகம் இல்லை. சுவரில் மாட்டாதீர்கள், தகரத்தின் கீழும் வேண்டாம். நான்கு பக்கமும் காற்று போகிற மாதிரி சட்டம் அடித்த மரப்பெட்டி, வெள்ளைச் சாயம், புல்தரைக்கு மேல் நாலடி உயரம், கதவு வடக்குப் பார்த்து. தினமும் ஒரே நேரத்தில் படித்து எழுதுங்கள், விட்டுப்போன நாளை விட்டுப்போனது என்றே எழுதுங்கள். ராத்திரி அளவை முக்கியமாகக் கவனியுங்கள், பகல் சூடு கூடியதை விட ராத்திரிக் குளிர் குறைந்ததுதான் உலகின் பல இடங்களில் வேகமாக நடந்திருக்கிறது. நான் குன்னூரில் எழுதுகிறேன். ஒரு வருடத்தில் எதுவும் தெரியாது. பத்து வருடம் எழுதினால் ஏதாவது தெரியும். எனக்கு அதற்குள் எழுபது தாண்டும், பேத்தி தொடரட்டும்.

வேலூர்க்காரன் | ஏப்ரல் 9, இரவு 9:10

நானும் வேலூரில் எழுதலாமா? எங்கள் தெருவில் மொட்டை மாடி தவிர வேறு இடம் இல்லை. புல்தரைக்கு வழியில்லை.

பழைய கணக்கு | ஏப்ரல் 9, இரவு 9:35

எழுதுங்கள் தம்பி. மொட்டை மாடி என்று தலைப்பில் குறித்துவிடுங்கள், மலையோடு ஒப்பிடாமல் உங்கள் மாடியை உங்கள் மாடியோடு மட்டும் ஒப்பிடலாம். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கட்டம் போட்ட தாள் நான் தயார் செய்து இங்கே போடுகிறேன். பெட்டி அடிக்கும் அளவும் வரைந்து தருகிறேன்.

கோத்தகிரி கொழுந்து | ஏப்ரல் 14, காலை 7:05

சித்திரை ஒன்று. பெட்டியை நேற்று ஆசாரி கொண்டுவந்து வைத்தார். தேயிலைக்குப் பக்கத்தில், அம்மாவின் திண்ணையில் இருந்து பார்த்தால் தெரிகிற இடம்.

முதல் வரி: குறைந்தபட்சம் 15, அதிகபட்சம் நாளைக்குத்தான் தெரியும். இரவு கொஞ்சம் தூறல். ஃபேன் போடவில்லை.